அவிழ்த்த முடியும் ஆஸ்பத்திரிக் கொண்டையும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், பிறகு கேட்க மறந்துபோகும். எனக்கு எழுத வராது. நான் படித்தது ஆரம்பப் பள்ளிக்கூடம், அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தைக் கூத்துப் பாட்டு எழுதிய காகிதங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால் என் எழுத்து அங்கங்கே அழும், அங்கங்கே கத்தும். மறதியும் சேர்ந்துகொண்டது. சங்கத்து மலரில் நடிக்க வரும் புதுப் பெண்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டீர்கள். மேடையில் ஆயிரம் பேர் நடுவே மார்பில் அடித்துக்கொண்டு அழுவேன். இறங்கி வந்தால் டீக்கடையில் டீ கேட்கக் கூச்சம். இப்படிப்பட்டவளை அனுபவம் எழுதச் சொன்னது உங்கள் தைரியம்.

நீங்கள் எல்லாம் இப்போது காலையில் சீரியல், மாலையில் ரீல்ஸ், திருவிழா வந்தால் ஊர் ஊராகத் திரௌபதி வேஷம் என்று இருக்கிறீர்கள். சந்தோஷம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஓர் ஊரில், பெண் என்றால் திரௌபதி வேஷமே கிடையாது என்று ஊரே எழுந்து நின்ற ஒரு காலைவேளை உண்டு. அது நடந்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை. கையில் செல்போன் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார்கள். அந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பீஸ் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவார்கள்.

அந்த ஊர் பாரதக் கூத்தில் நான் போகும்வரை திரௌபதி வேஷம் போட்டவர் ஓர் ஆண். பேர் வேண்டாம். இந்த வேஷத்துக்காகவே முடி வளர்த்து, அந்த முடியோடு சந்தைக்குப் போய், கேலி செய்தவர்களைக் கேலி செய்து வாழ்ந்தவர். ஊரில் இளசுகள், 'பொம்பள வேசத்துக்கு இன்னும் மீசைய மழிச்சிக்கினு வர்றதா?' என்று கிளப்பிவிட்டார்கள். பெரியவர்கள் முனகிக்கொண்டே சரி என்றார்கள். சித்தூரில் மேடை நாடகங்களில் மாமியாராக மிரட்டிக்கொண்டிருந்த என்னைக் கொண்டுவந்தார்கள். அவரைத் துரியோதனன் ஆக்கினார்கள். முதல் நாள் என்னைப் பார்த்து அவர் சொன்ன வரவேற்புரை இதுதான்:

"வாம்மா பாஞ்சாலி. நீ சேல கட்ட வந்துட்ட, நான் சாவ வந்துட்டேன். நல்லாக் கீது ஞாயம்."

அவருடைய தகரப் பெட்டியில் பழைய திரௌபதிச் சேலை மடிப்புக் கலையாமல் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் எடுத்து வருவார். எதுக்கண்ணா என்று நான் கேட்டதில்லை. எனக்கே தெரியும், நான் என்றைக்கு வழுக்கி விழுவேன், அவர் என்றைக்கு மறுபடி கட்டலாம் என்றுதான்.

இந்த வேஷத்தில் ஒரு கட்டுப்பாடு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அதை விக் வைத்துச் சமாளிப்பதாகக் கேள்வி. துகில் உரியும் கூத்தன்று அவிழ்த்த முடியைக் கடைசி நாள் படுகளம் வரை கட்டக்கூடாது. கூத்தில் மட்டும் இல்லை, வெளியிலும்தான். சீப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, ஒரு நூல்கூடக் கிடையாது. படுகளத்தன்று காலையில், வயல்வெளியில் மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனனைச் சுற்றி ஓடி, வேஷம் போட்ட துரியோதனனும் விழுந்த பிறகு, அந்த இரத்தம் தொட்டுத் தலை முடிய வேண்டும். அதுவரை அந்த ஊரில் பெண்கள் விசேஷம் வைக்கமாட்டார்கள். முடி முன்பே கட்டப்பட்டால் ஊருக்கு ஆகாது. ஆகாதது எல்லாம் பெண்ணால்தான் வரும் என்பதில் அந்த ஊருக்குச் சந்தேகமே கிடையாது.

முதலில் சொன்ன அந்தக் காலைவேளை வந்த வருஷம்தான் எனக்குச் சினிமாவில் வசனம் கிடைத்தது. அதற்கு முன் கூட்டத்தில் நின்று அழுதிருக்கிறேன். யாருக்காக அழுகிறோம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். 'அம்மா, ஏடுவு' என்பார்கள், அழ வேண்டும். இது வேறு, தெலுங்குப் படத்தில் ஹீரோவுக்குத் தாய். சித்தூரில் ஒரு வீட்டில் முதல் பாதி எடுத்துவிட்டார்கள்: போன் வருகிறது, மகனுக்கு விபத்து என்கிறார்கள், நான் போனைப் போட்டுவிட்டு வாசலைத் தாண்டி ஓடுகிறேன். தலையில் அழகாகக் கொண்டை. மீதிப் பாதி ஆஸ்பத்திரியில் வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வரி. அந்த நாலு வரிக்காக நான் குளிக்கும்போதும் துன்னும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மீதியை அடுத்த மாதம் எடுக்கிறோம் என்றார்கள். சினிமாவில் அடுத்த மாதம் என்றால் என்றைக்கு உங்களால் முடியாதோ அன்றைக்கு என்று அர்த்தம். படுகளத்துக்கு முந்தின நாள் காலையில் திருப்பதிக்கு வா என்று போன் வந்தது.

பகலில் எனக்குக் கூத்தில்லை. போனேன். தலைவிரி கோலமாகத் திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வழி சொன்னார்கள். "அம்மா, குண்டுக்கா? மலை பஸ் அந்தப் பக்கம்." குண்டு என்றால் தெலுங்கில் மொட்டை. "யக்கா, மொட்டைக்குச் சீக்கிரம் போய்டு, கூட்டம் ஜாஸ்தி." ஒரு அம்மாள் என் தலையைத் தொட்டுக் கும்பிட்டு, நல்ல முடி, சாமிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றாள். எனக்கு வாயைத் திறந்து இல்லை என்று சொல்லக் கூச்சம். மலை பஸ்ஸில் ஏறாமல் தப்பித்ததே பெரிய காரியம்.

ஒரு பழைய கட்டிடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த ஹேர் டிரெஸ்ஸர் என்னைப் பார்த்து, வாயில் வைத்திருந்த கொண்டை ஊசிகளைக் கையில் துப்பிக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, காக்கா கூடா? உக்காரு. சித்தூர்ல போட்ட கொண்டை போடணும்."

கட்டக்கூடாது என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். அவள் உதவி டைரக்டரைக் கூப்பிட்டாள். அவருக்குச் சொன்னேன். அவர் டைரக்டரிடம் போய், அம்மாவுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டார். பெண்களே, உங்கள் பிரச்சினையை உதவி டைரக்டர் வழியாக அனுப்பாதீர்கள். அது போய்ச் சேரும்போது தைலம் வாங்கி வந்து நீட்டுவார்கள்.

கடைசியில் டைரக்டரே வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. "அம்மா, கண்டினியூட்டி அம்மா, கண்டினியூட்டி" என்றார். வீட்டில் கொண்டையோடு ஓடியவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டையோடுதான் வர வேண்டும். ஊரில் ஒரு சாமி கட்டாதே என்கிறது. இங்கே கண்டினியூட்டி என்று ஒரு சாமி கட்டு என்கிறது. புரொடக்‌ஷன் மேனேஜர் குறுக்கே வந்து, "இதென்ன பெரிய விஷயம், மலை மேலே போய் முடியைக் கொடுத்துட்டு வந்தா வேண்டுதலும் தீர்ந்துது, விக்கும் வெச்சுக்கலாம்" என்றார். பஸ் நிலையத்தில் சொன்னவர்களாவது இலவசமாகச் சொன்னார்கள். இவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அதுதான் ஆபத்து.

"அய்யா, அந்த அம்மா ஊட்ல இருந்து ஓடியாறா. புள்ளைக்கு அடிபட்டுப்போச்சின்னு ஓடியாறவ கொண்டை அப்டியே நிக்குமா? அவுந்து பூடாதா?" என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசி நானே கேட்டதில்லை.

டைரக்டர் கண்ணை மூடினார். திறந்தார். "பாகுந்தி! சாலா பாகுந்தி!" பிரமாதம் என்று தெலுங்கில் கத்தினார். கேமராமேனைக் கூப்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். டைரக்டர் என் பக்கம் திரும்பி, கண் பளபளக்க, "ஓடி வரும்போதே கொண்டை அவிழ்றதை எடுத்துடலாம்மா. பின்னாடி இருந்து, ஸ்லோ மோஷன்ல" என்றார்.

அதாவது, அவிழ்வதற்கு முதலில் கட்ட வேண்டும். சரியாக அவிழவில்லை என்றால் மறுபடி கட்ட வேண்டும். ஒருமுறை கட்டச் சொன்னவர்களைச் சாயங்காலம் வரை கட்டச் சொல்லும்படி நானே செய்துவிட்டேன். உங்களுக்கு ஸ்பாட்டில் நல்ல யோசனை தோன்றினால், முதலில் வெளியே போய் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். திரும்பி வந்தும் அது நல்லதாகத் தெரிந்தால் இன்னொரு வாய் குடியுங்கள்.

ஹேர் டிரெஸ்ஸர் சீப்போடு வந்தாள். ஹீரோ கட்டிலில் கட்டுப் போட்டுக்கொண்டு, அடிபட்டவராக ஜூஸ் குடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த நாலு வரி என் வாயில் தயாராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை குனிந்தால் போதும். ஊருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? ஆனால் மறுநாள் காலையில் அந்த மண் துரியோதனன் முன்னால் நிற்கப்போவது நான். அங்கே வருகிற பெண்கள் குழந்தையை என் காலடியில் போட்டு எடுப்பார்கள். எல்லாம் நடிப்புதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், நடிப்புதான். அதனால்தான் அதில் ஒன்றாவது நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"கட்டிக்க மாட்டேன்யா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை துகில் கூத்தில் சபையைக் கேட்கிற குரல் வந்துவிட்டது. ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் கோபமாக, "வேற அம்மாவைக் கூட்டியா! திருப்பதியில அம்மாவுக்கா பஞ்சம்?" என்றார். அவர் சொன்னது நியாயம். வெளியே நிழலில் அம்மாக்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வசனம் அவர்களுக்கும் மனப்பாடம். உதவி டைரக்டர்தான் மெதுவாகச் சொன்னார்: "சார், சித்தூர்ல இவங்க முகம் எடுத்தாச்சே. மாத்தினா அந்த வீட்டு சீனும் திரும்ப எடுக்கணும். கண்டினியூட்டி."

என்னைத் துரத்த வந்த சாமியே என்னைக் காப்பாற்றியது. என் திறமைக்காக வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். மாற்றினால் செலவு என்பதற்காக வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் உங்களை யாராவது விடாமல் வைத்துக்கொண்டால், முதலில் எதற்காக என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்வம் அப்புறம் வரட்டும்.

ஹேர் டிரெஸ்ஸர் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "முதுவுதானே சார் வேணும்? என் முதுவு இன்னா கெட்டுப்போச்சா? அக்கா, சேலயக் குடு."

அந்தக் காட்சிக்குச் சேலை ஒன்றுதான் இருந்தது. அவள் என் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, தன் தலையில் எண்ணெய் தடவி வழுவழுவென்று கொண்டை போட்டுக்கொண்டு, வராந்தாவில் ஓடி ஓடி அவிழ்த்தாள். நான் யாருடைய நைட்டியிலோ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பிறகு சேலை என்னிடம் வந்தது. அவிழ்ந்த தலையோடு டாக்டர் கையைப் பிடித்து நாலு வரியும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். படம் வந்தபோது ஹைதராபாத்தில் யாரோ ஒருத்தி அதற்குக் குரல் கொடுத்திருந்தாள். ஆக, முதுகு சென்னை, குரல் ஹைதராபாத், நடுவில் முகம் மட்டும் நான். இதற்குத்தான் முதல் பெரிய வேஷம் என்று பேர்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் எப்போதும் வாசலிலேயே மோர்ச் சொம்போடு நிற்பாள். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கூச்சம். கேட்காமல் படுத்துவிட்டேன். கேட்டிருந்தால் விஷயம் அந்த ஒரு வீட்டோடு முடிந்திருக்கும்; காலையில் ஊரே கேட்டது.

நடந்தது இதுதான். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற அந்த ஊர்க்காரர் ஒருவர், ஏதோ காரியமாகத் திருப்பதிக்கு வந்து, ஷூட்டிங் என்றதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். நீலச் சேலையில் நான் டாக்டர் கையைப் பிடித்து அழுததையும் பார்த்திருக்கிறார். அதற்கு முன்னால், அதே நீலச் சேலை, கொண்டையோடு ஓடியதை முதுகுப் பக்கமிருந்து செல்போனில் போட்டோ எடுத்திருக்கிறார். போட்டோ பஸ்ஸைவிட வேகமாகப் போகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் படுகளத்துக்குப் போனேன். மண் துரியோதனன் வண்ணம் பூசிக்கொண்டு, எதுவும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். சுற்றிலும் ஜனம். கோயில் பெரியதனக்காரர் என் வழியை மறித்துப் போனை நீட்டினார்.

"இது யாரும்மா?"

"நான் இல்ல."

"சேல?"

"என்துதான்."

"சேல உன்து, நீ இல்லியா? இதுக்குத்தான்யா பொம்பளையே வாணான்னோம். கேட்டீங்களா? சினிமாக்காரிக்கு இன்னாத்துக்குய்யா விரதம்?"

பின்னால் ஒரு குரல்: "இனிமேட்டுக்கு இந்த ஊர்ல பொம்பளைக்கு வேசம் இல்ல. எழுதிக்கோ."

எழுதிக்கோ என்றால் அந்தப் பக்கத்து ஊர்களும் எழுதிக்கொள்ளும். என்னோடு போகாது; எனக்குப் பின்னால் வர இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் கதவு. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். டூப், கண்டினியூட்டி, ஹேர் டிரெஸ்ஸர், நைட்டி. எதை முதலில் சொல்வது? யாராவது வசனம் எழுதித் தந்தால் பேசுவேன். சொந்த வசனம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதையும் நம்பவில்லை. நடிகை அழுதால் யார் நம்புவார்கள்?

"அவரையே சேல கட்டச் சொல்லு. பொட்டியில வெச்சினுதான் கீறாரு" என்றார் பெரியதனக்காரர். எல்லோரும் திரும்பினார்கள்.

துரியோதன வேஷத்தில் கிரீடமும் மீசையுமாக அவர் நின்றிருந்தார். எத்தனை வருஷமாக அந்தச் சேலையைச் சுமந்து வருகிறார்! ஊரே சேர்ந்து, வாங்க, கட்டிக்குங்க என்கிறது. சரி என்று ஒரு வார்த்தை போதும். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அவர் கிரீடத்தைக் கழற்றி ஒருவர் கையில் கொடுத்தார். நேராக என்னிடம் வந்தார். "குனி" என்றார். பேன் பார்க்கிற மாதிரி என் தலையில் இரண்டு கையையும் விட்டார். விரல் உள்ளே போகவில்லை. இழுத்தார், எனக்கு உயிர் போனது.

"போட்டோவ இப்டி குடு" என்றார். பார்த்தார். "இது எண்ண வெச்சி, சீப்பு போட்டு வாரின தலை. ஈ உக்காந்தா வழுக்கினு உளும். இங்க வந்து இத்தப் பாருங்க. துகில் அன்னிக்கி தூவின குங்குமம் இன்னும் வேர்ல ஒட்டினு கீது. வைக்கோல் கீது. பேன்கூட வழி தெரியாம நின்னுக்கினு கீது. நேத்து வாரின தலையாய்யா இது?"

யாரோ சிரித்தார்கள்.

"நேத்து மட்டும் சீவிக் கொண்டை போட்டுட்டு, ராவோட ராவா இப்டிச் சிக்காக்க முடியுமா? எத்தினி வருசம் இந்த நாத்தத்தோட படுத்து எழுந்தவன் நானு. எனக்குத் தெரியாதா? சந்தேகம் கீறவன் வந்து மோந்து பாரு."

மோந்து பார்க்க ஆண்கள் வரவில்லை. கையில் விளக்குமாறோடு மண் துரியோதனனை அடிக்கக் காத்திருந்த கிழவிகள் மூன்று பேர் வந்தார்கள். தொட்டார்கள், இழுத்தார்கள், மோந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஐயய்ய, சத்தியமான நாத்தம்" என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அதன் பிறகு ஒன்றிரண்டு இடத்தில் சால்வை போட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கிழவி சொன்னதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பெரியதனக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப இன்னாத்துக்கு நிக்கிறீங்க? வெயில் ஏறுது இல்ல" என்றார், நாங்கள்தான் நேரத்தை வீணாக்கியவர்கள்போல. மன்னிப்பு என்பது பெரிய மனிதர்களிடம் இந்த வடிவத்தில்தான் வரும். வாங்கிக்கொள்ளுங்கள்.

கூத்து நடந்தது. அவர் ஓடினார், பீமன் துரத்தினான், மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தொடையில் அடிபட்டு அதன் பக்கத்திலேயே விழுந்தார். கிழவிகள் விளக்குமாற்றால் மண்ணை வெளுத்தார்கள்; ஒன்றிரண்டு அடி தவறி அவர் மேலும் விழுந்தது. நான் அவர் தலைமாட்டில் நின்று, மண் தொடையில் ஊற்றியிருந்த சிவப்புத் தண்ணீரைத் தொட்டு, இரண்டு கையாலும் முடியை அள்ளினேன். சற்று முன் பட்ட அவமானம் இன்னும் போகவில்லை. சீக்கிரம் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று கை பறந்தது.

அப்போது செத்துக் கிடந்தவர், உதடு அசையாமல் சொன்னார்:

"அவசரப்படாத. மெதுவாக் கட்டு. நானா இருந்தா மெதுவாக் கட்டுவேன்."

மெதுவாகக் கட்டினேன். அவர் கட்டியிருந்தால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருப்பாரோ, அவ்வளவு மெதுவாக. கடைசிச் சுற்றைச் செருகியபோது பெண்கள் ஒரே குரலில் குலவை போட்டார்கள். அடுத்த வருஷம் அவருடைய பெட்டியில் அந்தச் சேலை இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவுதான். இதில் தப்பு நிறைய இருக்கும். படத்தில் கொண்டை இடப்பக்கம் அவிழ்கிறதா வலப்பக்கமா என்று எனக்கு ஞாபகமில்லை. மத்தியானத்தில் டிவியில் போடுவார்கள், யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மோந்து பார்த்த கிழவிகள் மூன்று பேரா நாலு பேரா என்று அந்த ஊரில் கேளுங்கள். சேலை நீலம்தானா என்று அந்த ஹேர் டிரெஸ்ஸர் கிடைத்தால் விசாரியுங்கள். எழுத்துப் பிழை எல்லாவற்றையும் திருத்திவிடுங்கள். படுத்திருந்தவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். சொன்னவர் இப்போது இல்லை; கேட்டவள் நான் ஒருத்திதான்.